அல்பினோ தவளைக்கு விளக்கும் உணவூட்டியும்: எதை வாங்கலாம்?

மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் இரண்டு கருவிகளை, வளரும் பருவத்தில் இருக்கும் ஓர் அல்பினோ தவளையின் தொட்டியில் பொருத்திப் பார்த்தேன். ஒன்று, தொட்டி விளிம்பைக் கவ்வி நிற்கும் டைமர் வைத்த எல்இடி கிளிப் லைட். மற்றொன்று, குறித்த நேரத்தில் தீனி போடும் தானியங்கி உணவூட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளக்கை வாங்கலாம், உணவூட்டி வேண்டாம்.

மீன் கடைகளில் ‘அல்பினோ தவளை’ என்று கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க நகத் தவளை. அறிவியல் பெயர் ஸீனோபஸ் லேவிஸ். ஆப்பிரிக்காவின் கலங்கிய, ஓட்டமில்லாத குட்டைகள்தான் அதன் பூர்வீகம். ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும்; மூச்சு வாங்க மட்டும் மேலே வரும். கண்கள் தலை உச்சியில் மேல்நோக்கி அமைந்திருக்கும். மூடித் திறக்கும் இமை கிடையாது. அல்பினோ என்பதால், கண்ணுக்குள் மிகை வெளிச்சத்தை உறிஞ்சும் மெலனினும் இல்லை. இப்படிப்பட்ட உயிருக்கு நேர் மேலே பளீரென்று விளக்குப் போடுவது கொடுமை. ஆகவே கடையில் ‘எவ்வளவு பிரகாசமாக எரியும்?’ என்று கேட்காதீர்கள், ‘எவ்வளவு குறைக்கலாம்?’ என்று கேளுங்கள்.

விளக்கு எப்படி?

யூஎஸ்பி அடாப்டரில் ஓடுகிறது. கழுத்தை வேண்டிய பக்கம் வளைக்கலாம். வெளிச்சத்தை 10 படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். 3, 6, 12 மணி நேர டைமர் உண்டு. முழு வெளிச்சத்தில் தவளை உடைந்த மண்சட்டிக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரவே இல்லை. கடைசிப் படிக்கு இறக்கி, வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்படி கழுத்தைத் திருப்பினேன். தண்ணீரின் பாதியை மிதக்கும் செடிகளால் மூடினேன். அதன் பிறகு பகலிலேயே கைகால்களை விரித்து நடுத்தொட்டியில் மிதக்கிறது.

இன்னொரு நல்ல அம்சம், சூடு குறைவு. இந்தத் தவளைக்குத் தண்ணீர் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. குண்டு பல்பு போட்டால் சிறிய தொட்டி சீக்கிரம் சூடேறிவிடும். எல்இடியில் அந்தத் தொல்லை இல்லை. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்பது ஆய்வுக்கூடங்களிலும் உள்ள வழக்கம். டைமர் அதைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. மின்சாரம் போய் வந்தால் டைமர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. விளக்கு முழுப் பிரகாசத்தோடு எரியத் தொடங்குகிறது. மின்தடை உள்ள ஊர்களில் இது பெரிய குறை. ‘நிலவொளி’ என்று தரும் நீல வெளிச்சமும் வேண்டாத அலங்காரம். இரவு என்றால் முழு இருட்டுதான் வேண்டும்.

உணவூட்டி ஏன் வேண்டாம்?

பெல்லட் நிரப்பிய உருளை சுழன்று, ஒரு திறப்பு வழியே தீனியைக் கொட்டும். திறப்பை எவ்வளவு சுருக்கினாலும் குட்டித் தவளையின் ஒரு வேளைக்கு அது அதிகம். தண்ணீரின் ஈரம் ஏறி பெல்லட் திறப்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒரு நாள் ஒன்றும் விழாது, மறுநாள் மொத்தமாக விழும். மிஞ்சிய தீனி அழுகினால் அமோனியா உயரும். அது தவளைக்கு விஷம்.

அது தின்பதைக் கவனித்தால் கருவியின் போதாமை நன்றாகப் புரியும். நகத் தவளைக்கு நாக்கே இல்லை. மோப்பத்தாலும், உடலின் இருபுறமும் தையல் போட்டதுபோல் ஓடும் உணர்கோடுகளாலும் இரையைக் கண்டுபிடிக்கிறது. உறைநிலை நீங்கிய ரத்தப்புழுவை இடுக்கியால் தண்ணீருக்குள் காட்டினால், சற்று அசையாமல் நிற்கும். பிறகு பாய்ந்து, முன்கை விரல்கள் இரண்டு பக்கமும் அள்ள, வாய்க்குள் திணித்துக்கொள்ளும். இதற்கு வெளிச்சம் தேவையில்லை. விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி ஊட்டினால் போதும்.

குட்டிக்குத் தினமும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வளர்ந்த பின் வாரத்துக்கு இரண்டு, மூன்று வேளை போதும். ரத்தப்புழு மட்டுமே போதாது. தவளைக்கென்று வரும் பெல்லட், நறுக்கிய மண்புழு என்று மாற்றிக் கொடுங்கள். புற ஊதா விளக்கு இல்லாமலே நன்றாக வளரும் தவளை இது. ஆகவே எலும்புக்கு வேண்டிய சத்தெல்லாம் தீனியில்தான் வர வேண்டும். சாப்பிடாத துண்டுகளை அன்றே எடுத்துவிடுங்கள். தின்னாத நாள்தான் நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் அருகில் இருக்க வேண்டும்.

யார் வாங்கலாம்?

இது 15 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர். வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் விட்டுவிடவும் கூடாது. சிலியிலும் பிரான்சிலும் வெளியே பரவிய நகத் தவளைகள் அங்குள்ள நீர்நிலை உயிர்களுக்கு ஆபத்தாகியிருக்கின்றன. இந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இருப்பவர்கள், மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு இறங்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். மின்தடைக்குப் பிறகும் அமைப்பை நினைவில் வைத்திருக்கும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. உணவூட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அமோனியா சோதிக்கும் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். தீனியை உங்கள் கையாலேயே கொடுங்கள்.