அல்ட்ரா மென்டல் சீட்டுக்கட்டு: கருவியும் உரையும்

மனத்தைப் படித்துக் காட்டுவதாக நிகழும் மென்டலிசத்தில் தந்திரச் சீட்டுக்கட்டைக் கையாள்வது குறைத்து மதிப்பிடப்படுவதுண்டு. அமெரிக்கரான ஜோ பெர்க் 1936இல் உருவாக்கிய அல்ட்ரா மென்டல் சீட்டுக்கட்டு அம்மதிப்பீட்டை ஐயுறச் செய்கிறது. இதில் சீட்டுகள் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு சேர்ந்து, சொரசொரப்பான பூச்சால் பற்றி நிற்கின்றன. இணையின் எண்களைக் கூட்டினால் 13 வரும்; ராஜாக்கள் மட்டும் விலக்கு. பார்வையாளர் சொன்ன சீட்டின் மேலுள்ள இணையை மெல்ல நகர்த்தினால், அச்சீட்டு மட்டும் கவிழ்ந்திருப்பது தெரியும். பார்வையாளரின் தேர்வுச் சுதந்திரம் இங்கு உண்மையானது. பொய் காலத்தில் உள்ளது: கேட்டபின் செய்ததை முன்பே செய்துவைத்ததாக நிகழ்த்துநரின் உரை மாற்றிவிடுகிறது.

இதே கட்டு பின்னர் 'இன்விசிபிள் டெக்' என்னும் பெயரில் பரவியது. பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாத கட்டைக் கலைத்து, ஒரு சீட்டைத் திருப்பி வைப்பதாக நடிக்கிறார்; உண்மைக் கட்டிலும் அதே சீட்டு கவிழ்ந்திருக்கிறது. அரங்கு சிரித்து மகிழ்கிறது. ஆயினும் எவர் மனமும் இங்குப் படிக்கப்படவில்லை. விளம்பரங்கள் இதனையும் மென்டலிசம் என்பது வேறு செய்தி. தாளும் பூச்சும் மாறவில்லை. வகைமையை உரையே மாற்றியுள்ளது. முன்னறிந்ததாகக் கூறும் நிகழ்த்துநரிடம் கட்டைச் சோதிக்கத் தருமாறு கேட்கத் தோன்றும்; விளையாட்டாகத் தொடங்கியவரிடம் அக்கேள்வி எளிதில் எழுவதில்லை.