கூடினாலும் குறைந்தாலும் கொழுப்பு: ராமன் ஒளியின் ஆய்வேட்டுத் தடம்

பெரிய மருத்துவமனைகளில் மூளைக்கு ஒரு மாடி, இதயத்துக்கு ஒரு மாடி. நரம்பியல் ஆய்விதழைப் படிக்கிறவர் இதயக் குழாய் பற்றிய இதழைப் புரட்டுவது அபூர்வம். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிசை மட்டும் இரண்டு மாடிகளுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவற்றின் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பெயர், 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமனுடையது.

ஸ்ரீரங்கம் தீவுக்காரர்களுக்கு அவர் ‘நம்ம ஊர்க்காரர்’. கணக்குப் பார்த்தால் ஊருக்குக் கிடைத்தது அவருடைய கைக்குழந்தைப் பருவம்தான். தந்தை சந்திரசேகர ஐயர் 1892-ல் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்குப் போய்விட, குடும்பமும் காவிரியைக் கடந்துவிட்டது. பள்ளி அங்கே, கல்லூரி சென்னையில், புகழ் கல்கத்தாவில், முதுமை பெங்களூரில். இருந்தும் பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய அப்புத் தலமான ஊரில் பிறந்தவர், கடல்நீர் ஏன் நீலம் என்று கேட்டுப் புகழடைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அவர் கண்டுபிடித்த ஒளிக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்ததும் நீரால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்புகிறது. ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வெளிவருகிறது. மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வரும் ஒளி அது. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கருஞ்சோறு அதன் நாதத்தை எப்படிச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று 1920-ல் நேச்சர் இதழில் எழுதியவர் ராமன். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பும் அப்படித்தான்: எடையையும் இறுக்கத்தையும் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. ஒளி இழந்த ஆற்றலை அளந்தால் எந்தப் பிணைப்பு அதிர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28-க்கு வந்து சேர்ந்த பாதையில் ஒரு சிறு செய்தியை இதய மருத்துவர்கள் ரசிப்பார்கள். ராமனின் கூடத்தில் வேலை செய்த எஸ். வெங்கடேஸ்வரன், தூய்மையாக்கிய கிளிசரின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தியபோது, நீலமாகச் சிதற வேண்டியது பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பச்சைதான் ராமனையும் கே.எஸ். கிருஷ்ணனையும் முடுக்கிவிட்டது. நாம் ரத்தப் பரிசோதனையில் பார்த்துப் பயப்படும் டிரைகிளிசரைடின் முதுகெலும்பு இதே கிளிசரின்தான். அன்று அதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மார்ச் 31-ல் நேச்சரில் சிறு குறிப்பு வந்தது. மறு ஆண்டே, இந்த விளைவைப் பற்றி அதற்குள் வெளிவந்திருந்த 150 கட்டுரைகளை ஏ.எஸ். கணேசன் பட்டியலிட்டு இந்திய இயற்பியல் இதழில் அச்சிட்டார். 1930-ல் நோபல். பிறகு முப்பது ஆண்டுகள் வேதியியலாளர்களின் கையில் இருந்தது. 1960-ல் லேசர் வந்த பின்தான் உயிருள்ள திசுவின் பக்கம் திரும்ப முடிந்தது.

இங்கேதான் நீர் வருகிறது. மூலக்கூறு அதிர்வைப் படிக்க அகச்சிவப்பு உறிஞ்சல் முறையும் உண்டு. ஆனால் நீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். ஈரமான திசுவில் மற்றதெல்லாம் மறைந்துபோகும். ராமன் சிதறலில் நீரின் குரல் மெலிந்தது. அதனால் உலர்த்தாமல், சாயம் ஏற்றாமல், அப்படியே படிக்கலாம். அதிலும் கொழுப்பு மிக எடுப்பாகத் தெரியும். நீண்ட கொழுப்பமிலச் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனும் அத்தனை நெருக்கமாக இருப்பதால், அலை எண் 2845 அருகே பலமான கோடு விழுகிறது. புரதத்தின் கோடு சற்றுத் தள்ளி, 2930 அருகே. கொலஸ்ட்ராலுக்கு 700 அருகே தனி அடையாளம்.

இதயத்தில்தான் முதல் ஆர்வம். 1992-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பராகா, ஃபெல்ட், ராவா மூவரும் மனிதத் தமனியின் வேதியியலை வெட்டிச் சாயம் போடாமல் ராமன் ஒளியால் படித்துக் காட்டினார்கள். 1997-ல் அதே கூடத்திலிருந்து சர்குலேஷன் இதழில் வந்த கட்டுரை, இதயத் தமனியில் கொலஸ்ட்ரால் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எஸ்டர் எவ்வளவு, சுண்ணாம்பு உப்பு எவ்வளவு என்று அளந்தே சொன்னது. 2006-ல் மோட்ஸும் கூட்டாளிகளும் அறுவைக் கூடத்துக்கே போனார்கள். கழுத்துத் தமனியையும் தொடைத் தமனியையும் திறந்திருந்த நேரத்தில் நுண்ணிழை ஆய்வுக்கோலை வைத்து அளந்தார்கள்.

இந்த அளவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயின் உள்வழியை மட்டும். எழுபது சதவீத அடைப்பு என்றால் எல்லோரும் பதறுகிறார்கள். ஆனால் மாரடைப்பு பல நேரம் குழாயை அவ்வளவாகக் குறுக்காத, உள்ளே கொழுப்புக் குழம்பும் மேலே மெல்லிய மூடியும் கொண்ட படிவு வெடிப்பதால் வருகிறது. ரத்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு 2014-ல் வெளியிட்ட முடிவுகளில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் பரிசோதித்தவர்களில் 72.3 விழுக்காட்டினருக்கு ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் குறைவு. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 13.9 விழுக்காடு மட்டுமே. எண்ணைப் பார்த்துக் குழாயின் நிலையை ஊகிப்பது நம்மவர்களுக்கு இன்னும் சிக்கல்.

ஆனாலும் இதயக் குழாய்க்குள் ராமன் ஒளி தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். கோடியில் ஒரு பங்கு ஒளியை, துடிக்கும் இதயத்தில், ஓடும் ரத்தத்தின் ஊடே பிடிக்க வேண்டும். போதாதென்று கதீட்டரின் கண்ணாடி இழையே தன் பங்குக்கு ராமன் ஒளியை உமிழ்கிறது. முந்திக்கொண்டது, உறிஞ்சலை அளக்கும் அண்மை அகச்சிவப்பு முறை. அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த முறையில் இயங்கும் கதீட்டருக்கு 2008-ல் அனுமதி தந்தது. ரான் வாக்ஸ்மன் குழு 1,563 பேரைச் சேர்த்து நடத்தி, 2019-ல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு, ஸ்டென்ட் வைக்காத பகுதிகளில் கொழுப்பு மிகுந்த படிவுகள்தான் பின்னால் தொல்லை தருகின்றன என்பதை நிறுவியது. இன்னொரு பக்கம் ஜி-ஷின் செங் குழு, கொழுப்பின் பிணைப்பை ஒளியால் அதிரவைத்து, எழும் ஒலியைக் கேட்கும் முறையை 2011-ல் காட்டியது. கேள்வி ராமன் ஆட்களுடையது, விடை சொன்னவர்கள் வேறு ஆட்கள். ஆய்வு வரலாற்றில் இது வழக்கம்தான். என்றாலும் 1992-ன் கட்டுரையை இன்று இதய இதழ்களில் நினைப்பவர்கள் குறைவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூளையில் நிலைமை தலைகீழ். உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, உடலின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே வராது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறைக்குப் போகிறது. 2005-ல் செங் குழு, உயிர்ப்புள்ள தண்டுவடத் திசுவில் மையலினைச் சாயமின்றிப் படம்பிடித்தது. 2008-ல் ஹார்வர்டில் சன்னி ஷியே குழு, இரண்டு லேசர்களைக் கொண்டு ராமன் சிதறலைத் தூண்டிப் பெருக்கும் நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தியது. கோடியில் ஒரு பங்கு என்ற பழைய வறுமை நீங்கியது இதனால்தான்.

இந்தத் துறையின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான்: தமனியில் கொழுப்புக் கோடு உயர்ந்தால் நோய், மூளையில் அது தாழ்ந்தால் நோய். வெண்பொருளில் கட்டி ஊடுருவும்போது மையலின் கலைந்து, செல்களும் புரதமும் பெருகுகின்றன. 2845 தாழ்கிறது, 2930 ஓங்குகிறது. ஒரே பிணைப்பு, ஒரே கருவி. தீர்ப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘கொழுப்பு கெட்டது’ என்ற பொதுப்பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

அறுவை மருத்துவருக்கு இது வெறும் தத்துவமல்ல. கிளையோமா என்னும் மூளைக் கட்டியின் விளிம்பு கண்ணுக்கும் விரலுக்கும் பிடிபடாது. கூட எடுத்தால் பேச்சோ கைகாலோ போகும், குறைய எடுத்தால் கட்டி மறுபடி வளரும். திசுவை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ முடிவு வர அரைமணி ஆகும். மாண்ட்ரியலில் கெவின் பெட்ரெக்காவும் ஃபிரெடெரிக் லெப்லோனும் 2015-ல், கையடக்க ராமன் ஆய்வுக்கோலை 17 நோயாளிகளின் மூளையிலேயே வைத்துப் பார்த்தார்கள்: கட்டி இருந்ததைச் சரியாகச் சொன்னது 93 விழுக்காடு, இல்லாததைச் சரியாகச் சொன்னது 91. மிச்சிகனில் டாட் ஹாலனும் டேனியல் ஆரிஞ்சரும் வேறு வழி போனார்கள்: வெட்டியெடுத்த துணுக்கை அறுவைக் கூடத்திலேயே தூண்டிய ராமன் நுண்ணோக்கியில் வைத்து, படத்தைக் கணினி மூளையிடம் ஒப்படைத்தார்கள். 2020-ல் வெளிவந்த 278 நோயாளிகளின் முடிவில் கணினிக்கு 94.6, நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கு 93.9 விழுக்காடு, கணினிக்கு ஆன நேரம் இரண்டரை நிமிடத்துக்குள். 2024-ல் நேச்சரில் வந்த அடுத்த கட்டுரையில் பத்து விநாடி.

எண்கள் கவர்ச்சியானவை, அவசரப்படவும் வைப்பவை. பதினேழு பேர் என்பது ஒரு தொடக்கம். 278 பேரின் ஆய்வோ முழுக்க அமெரிக்க மையங்களில் நடந்தது. எந்தக் கருவியும் பழகிய திசுவைத்தான் நன்றாக அடையாளம் காணும். காசநோய்க் கட்டியும் நாடாப்புழு லார்வாக் கட்டியும் மூளையில் அடிக்கடி தென்படும் நம் நாட்டில், இங்குள்ள திசுக்களைக் கொண்டு பழக்காமல் அதை நம்ப முடியாது. திருச்சி அரசு மருத்துவமனை அறுவைக் கூடத்தில் அப்படியொரு கருவி நிற்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, விலை பேசுவது அல்ல; இதுதான்.

மூளையும் இதயமும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் அபோ-ஈ என்னும் கொழுப்புச் சுமைதூக்கிப் புரதம். அதன் ஈ4 வகை ரத்தத்தில் எல்டிஎல்லை உயர்த்துவதோடு அல்சைமர் வாய்ப்பையும் கூட்டுகிறது; பின்னதை 1993-லேயே டியூக் பல்கலைக்கழகத்தினர் காட்டிவிட்டார்கள். 2018-ல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்து மின்பியாவ் ஜி குழு, அல்சைமரில் திரளும் அமிலாய்டு படிவுகளைச் சாயமின்றித் தூண்டிய ராமன் முறையில் பிரித்துக் காட்டியது. ஆனால் அது எடுத்த திசுவில். மண்டையோட்டைத் திறக்காமல் இந்த ஒளி உள்ளே போகாது; உயிருள்ளவர் மூளைக்கு எம்ஆர்ஐயும் பெட் ஸ்கேனும்தான் கதி.

திறக்காமல் ஒளி நுழையும் ஒரே நரம்புத் திசு விழித்திரை. கடைசிக் காலத்தில் ராமன் விடாப்பிடியாக உழைத்ததும் அங்கேதான். நிறத் தகடுகளின் ஊடே பார்த்துத் தன் விழித்திரையையே கண்டறிய முயன்று, 1968-ல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதிலிருந்த நிறக் கொள்கையைத் துறையினர் ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான். ஆனால் 1990-களின் இறுதியில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஸ்டைனும் கெல்லர்மனும், விழித்திரை நடுவிலுள்ள மஞ்சள் நிறமிகளை ராமன் ஒளியாலேயே அளந்தார்கள். லூட்டீன் முதலான அந்த நிறமிகளைக் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை ரத்தத்தின் கொழுப்புப் புரதங்கள். கொழுப்பையும் இப்படிக் கண்ணில் அளக்கலாமா என்றால், நிறமிகளுக்கு நீல ஒளி தரும் இயல்பான ஊக்கம் கொழுப்புக்கு இல்லை. கூடுதல் லேசர் வேண்டும். கூட்டினால் விழித்திரை வெந்துவிடும்.