சீசன் டிக்கெட்டில் இல்லாத பெயர்

சென்ற தை மாதம் பள்ளிகொண்டாவில் ஒரு பணி நிறைவுப் பாராட்டு விழா. சென்னையில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; முப்பது வருடம் இங்கிருந்தே தினமும் ரயிலில் போய்வந்தவர். வாழ்த்திப் பேசிய ஆறு பேரில் ஐந்து பேர் அவர் பார்த்த வேலையைத் தொடவே இல்லை, ரயிலைத்தான் பேசினார்கள். ஒருவர் துண்டுச்சீட்டில் கணக்கே போட்டு வந்திருந்தார்: போக வர 310 கிலோமீட்டர், வருடத்துக்கு 250 நாள், முப்பது வருடம், ஆக, அண்ணன் பூமியை ஐம்பது தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறார். (வீட்டுக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருகிறது.) கடைசியாகப் பேசியவர்தான் விஷயத்துக்கு வந்தார். "மெட்ராஸ் சம்பளத்த வாங்கிக்கினு சொந்த ஊர விடாம இருந்தாரே, அதான் சாமர்த்தியம். இன்னிக்குப் பசங்க இவரப் பார்த்துக் கத்துக்கணும்." மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார்.

இந்தச் சாமர்த்தியப் பேச்சு கொஞ்ச காலமாகவே அதிகமாகிவிட்டது. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது சென்னை அறையைக் காலி செய்துகொண்டு ஊர் வந்த பையன்களில் சிலர், ரயில் மறுபடி ஓடியபோது அறைக்குத் திரும்பவில்லை. ஊரிலிருந்தே போய்வர, காலையில் சென்னைக்குப் போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் முகம் காட்டினால் போதும் என்கிற கம்பெனிகளும் தூபம் போட்டன. ஊரிலேயே இருந்துகொண்டு சென்னையில் சம்பாதிப்பது என்பது இன்று ஒரு கொள்கையைப் போலப் பேசப்படுகிறது.

அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் இரண்டு அறை வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால் ரயில்காசு காசே இல்லை. 2014-ல் மாத சீசனை முப்பது நடைக்கான கட்டணமாக ஏற்றப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் ரயில்வே பின்வாங்கிவிட்டது. பதினைந்து ஒருவழிக் கட்டணத்தில் மாதம் முழுக்க ஓட்டலாம். (சீசனுக்கு உள்ள 150 கிலோமீட்டர் எல்லைக்கு அந்தப் பக்கமாக, நாங்கள் ரயில் ஏறும் குடியாத்தம் ஸ்டேஷன் தொங்கிக்கொண்டிருப்பது தனிக் கதை. அதற்கு அவரவர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இங்கே வேண்டாம்.) சொந்த வீடு, சொந்தக் கிணறு, வயதான அப்பா அம்மா. ரயில் சிநேகிதம் வேறு. அது கல்யாணம், கருமாதி வரைக்கும் வரும். தோல் கம்பெனியை விட்டால் இந்தப் பக்கம் படித்தவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எல்லாம் சரி.

எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களும் என்னுடையவை அல்ல. உடம்பு கெடும் என்பார்கள். ஆயுளில் பாதி தண்டவாளத்தில் போகிறது என்பார்கள். சென்னை எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை வில்லிவாக்கத்துக்கு இழுத்துக்கொண்ட மாதிரி ஆட்களையும் தினம் இழுக்கிறது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போகிறவன் தன் உடம்பையும் தன் நேரத்தையும் தானாக முடிவு செய்து கொடுக்கிறான். அது அவன் பாடு.

என் வழக்கு வேறு. நெடுநாள் வழக்கு. இந்தப் பயணத்தை ஓர் ஆள் செய்வதாக எல்லாரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். ஓர் ஆளால் இது நடக்கவே நடக்காது.

ரயில் எங்கள் ஊரைத் தொடுவதில்லை. நாங்கள் பாலாற்றின் தென்கரை. டோல்கேட்டும் பைபாஸும் எங்கள் பக்கம். தண்டவாளம் வடக்கே போகிறது. பாலத்தைத் தாண்டிக் குடியாத்தம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஆறு மணிக்கு முன்பே அங்கே வந்துவிடும் ரயிலுக்கு, ஐந்து மணிக்கு வீட்டில் வண்டியை உதைத்தாக வேண்டும். அப்படியானால் அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்த ரயில்வே கால அட்டவணையிலும் விடை கிடையாது. எங்கள் வீட்டில் விடை மூன்றரை.

அப்பா அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு 22 வருடம் போய்வந்தார். அம்மா அலாரம் டைம்பீஸைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பாள். மணி அவளுக்கு மட்டும் கேட்க வேண்டும், எங்களுக்குக் கேட்கக் கூடாது. மிக்ஸி வந்த பிறகும் அந்த நேரத்தில் போட மாட்டாள், நாங்கள் எழுந்துவிடுவோம் என்று. ராத்திரியே அரைத்து வைப்பாள். தேங்காய்ச் சட்னி கட்டினால் ஊசிப்போகும் என்பதால் பூண்டுச் சட்னி, இல்லாவிட்டால் மிளகாய்ப்பொடியில் எண்ணெய். காலைக்கு ஒரு டப்பா, மத்தியானத்துக்கு ஒரு டப்பா. சோற்றைச் சூடாக மூடினால் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்; அதனால் தட்டில் பரப்பி விசிறியால் விசிறி ஆற வைத்து, பிறகு அள்ளி அடைப்பாள். அரைத் தூக்கத்தில் அந்த விசிறிச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். கேழ்வரகுக் களி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆனதற்குக் காரணம் ருசி கிடையாது. களியை டப்பாவில் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

பிறகு அண்ணன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து டிவிஎஸ் 50-ல் அப்பாவை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வருவான். மார்கழி மாதத்தில் பாலத்தின் மேல் பனி மூடி எதிர்வண்டி தெரியாது. அவன் திரும்பும் சத்தம் கேட்கும் வரை அம்மா வாசலில் நிற்பாள். ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு அப்பா வருவார். சோறு போட்டு, டப்பாவின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, மறுநாளைக்கு ஊறவைக்க வேண்டியதை ஊறவைத்துப் படுக்கும்போது பத்தே முக்கால். ஐந்து மணி நேரம்கூடத் தூக்கம் இல்லை. அப்பாவாவது அரக்கோணம் வரை ஜன்னலில் சாய்ந்து தூங்குவார். உத்தர ரங்கநாதர் கோயில் கொண்ட ஊர் இது. இங்கே நிம்மதியாகப் பள்ளிகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது ரயில்காரர்களின் பழைய ஜோக். ஜோக்கை அம்மாவும் கேட்டிருக்கிறாள். சிரித்ததில்லை.

அப்பாவிடம் பிளாஸ்டிக் உறையில் ஒரு சீசன் டிக்கெட் இருந்தது. பெயர், வயது, அடையாள அட்டை எண். ஒரே பெயர்.

பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்பார்கள். குழாயில் தண்ணீர் பகலில்தான் வரும். மாமியாருக்கு மருந்து பகலில்தான். ரேஷன், பள்ளிக்கூடம், கரண்ட் பில், சாவு விசாரிக்கப் போவது எல்லாம் பகலில்தான். "சொந்த ஊரை விடாமல் இருந்தார்" என்ற பேச்சில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். ஐந்து மணிக்குப் போய் ஒன்பதரைக்கு வந்தவர் ஊரில் எங்கே இருந்தார்? ரேஷன் கடை எந்தத் தெருவுக்கு மாறியது என்று அவருக்குத் தெரியாது. மகள் 'அ' பிரிவா 'ஆ' பிரிவா என்று தெரியாது. ஊரை விடாமல் இருந்தது யாரோ, அவருக்கு மேடையில் நாற்காலி போடவில்லை.

பணக்கணக்கே போடுவோம் என்றால் அதற்கும் நான் தயார். எங்கள் தெருமுனைக்குத் தினமும் காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் வரும், இன்றும் வருகிறது. என் சித்தி அதில் போனாள். சித்தப்பாவுக்கு உள்ளூரிலேயே தறி வேலை, எட்டு மணிக்குச் சோறு போட்டால் போதும். சித்தி ஷூவுக்கு மேல்பாகம் தைத்தாள், பி.எஃப். பிடித்தார்கள், வெளியே வரும்போது கிடைத்த பணத்தில் வீட்டுக்கு டைல்ஸ் போட்டாள். அம்மாவும் சித்தியும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு வரை படித்தவர்கள். அம்மாவால் அந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை. மூன்றரைக்கு எழுந்தவள், பிள்ளைகளை அனுப்பி, மாமியாரைக் கவனித்து, ஏழு மணி பஸ்ஸுக்கு நின்று, மாலையில் வந்து ஒன்பதரை வரை விழித்திருக்க உடம்பு இரும்பாக இருக்க வேண்டும். சென்னை வாடகையை மிச்சம் பிடித்தோம் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மிச்சத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அம்மா வாங்காத சம்பளம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

நான் ஏதோ என் வீட்டுப் புலம்பலைப் பொதுவாக்குகிறேன் என்று நினைத்தால், அரசாங்கத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2019-ல் சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழலாமென்றால், அதே ஐந்து வருடத்தில் ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் கழற்றிக்கொண்டுவிட்டார்கள். ரயிலுக்குப் போகிற வீட்டில் இந்த 88 நிமிடம் எந்த நேரத்தில் நடக்கும் என்று யாராவது சொல்லட்டும். ஸ்வீடனில் எரிக்கா சான்டோவ் என்ற ஆய்வாளர் தொலைதூரப் பயணம் போகும் தம்பதிகளைப் பல வருடக் கணக்கை வைத்துப் பார்த்தார். மற்றவர்களைவிட அவர்கள் பிரிந்துபோவது கூடுதல், முக்கியமாக முதல் சில வருடங்களில். நம் பக்கம் அப்படி எதுவும் நடப்பதில்லை, குடும்பம் கெட்டியாக இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அங்கே விவாகரத்தாக வெளியே வந்தது இங்கே முட்டிவலியாகவும் சர்க்கரையாகவும் ஐம்பது வயதில் வருகிறது. அதை யாரும் ரயில் கணக்கில் எழுதுவதில்லை.

பெண்களும் வேலைக்கு ரயிலில் போகிறார்களே என்பது அடுத்த பதில். போகிறார்கள். நானே நாலு வருடம் போய்வந்தேன், பார்த்திருக்கிறேன். சாயங்காலம் எங்கள் பெட்டியில் சூட்கேஸை மடியில் வைத்துச் சீட்டுக்கட்டு. பெண்கள் பெட்டியில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக் கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள், திருவள்ளூரில் ஆரம்பித்தால் காட்பாடி வருவதற்குள் கால் கிலோ முடியும். வேலூர் அருகிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆசிரியையிடம், உங்களுக்கு யார் சாப்பாடு கட்டுகிறார்கள் என்று ஒரு நாள் அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். "எனக்கு யாரு சார் கட்டுவாங்க? அவருக்குக் கட்டினதுல மிஞ்சினதுதான்" என்றார். அவர் கணவருக்கு வேலை உள்ளூரில்.

ஆயுதபூஜைக்குச் சீசன்காரர்கள் பெட்டிக்கு வாழைமரம் கட்டுவோம், இன்ஜினுக்கு மாலை போடுவோம், டிரைவருக்குச் சுண்டல், பொரி. அந்த நாலு வருடமும் நானும் முன்னால் நின்று கற்பூரம் காட்டியவன்தான். வீட்டில் கேஸ் அடுப்பைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தது யார்? மூன்றரைக்கு அதைப் பற்றவைக்கிற அதே கைதான்.

ஓய்வு பெற்றவர் நல்ல மனிதர். என் தகப்பனைப் போலவே நல்ல மனிதர். அலுவலகத்திலேயே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவாராம், ஒருவர் மேடையில் மெச்சினார். முப்பது வருடத்தில் வீட்டுவேலையில் அவர் எடுத்துக்கொண்ட பங்கு அந்தப் பாக்ஸ் அளவுதான் என்று எனக்குத் தோன்றியது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. பத்திரிகையில் எழுதுகிறவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பார்கள். முப்பது வருடமாக ஒரே பக்கத்தைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்ச நாள் நான் இந்தப் பக்கம் நின்றால் தப்பில்லை.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். வேலையை விடு என்றா? இல்லை. ஆவடியிலோ திருநின்றவூரிலோ ஒரு சின்ன வீடு எடுத்தால் வாடகை போகும், கையில் நிற்காது. அந்த வாடகைக்கு மனைவி ஆறு மணி வரை தூங்குவாள் என்றால் அதற்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யட்டும். ஊரிலேயே இருப்பது என்று முடிவானாலும், காலை டிபனை ரயிலில் வாங்கிச் சாப்பிடட்டும், மத்தியானச் சோற்றை அலுவலகக் கேன்டீனில் பார்த்துக்கொள்ளட்டும். ருசிக்காதுதான். அந்த ருசிக்காக இன்னொருவர் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டுமா என்பதுதானே பேச்சு.

போன வாரம் வீட்டுக்கு ஒரு மனு வந்தது. காலை வண்டியை அரை மணி நேரம் முன்னால் கிளப்பினால் அலுவலகத்தில் கையெழுத்துப் போடத் தாமதமாகாது என்று கோட்ட மேலாளருக்கு எழுதியிருந்தார்கள். கொண்டுவந்தவர் முப்பது வயதுப் பையன், கல்யாணமாகி இரண்டு வருடம். பேனாவை நீட்டினார். வீட்டில் கேட்டீர்களா தம்பி என்றேன்.

"வீட்ல எதுக்கு சார் கேக்கணும்? ரயில்ல போறது நான்தானே."