பாரியின் மகள்களைப் பார்த்துச் சிரிப்பது

'சிவாஜி' 2007இல் வந்த படம். அதிலுள்ள அங்கவை–சங்கவை காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் அப்போ, விடுங்க" என்கிறார்கள். விட முடியவில்லை. காமெடிக் காட்சிகளை மட்டுமே ஓட்டும் சேனல்களிலும் கைபேசியிலும் அது ஓய்வில்லாமல் ஓடுகிறது. படம் வந்தபோது பிறந்தே இராத பெண்பிள்ளைகளுக்கும், கொஞ்சம் கருப்பாக இருந்துவிட்டால், எங்கள் கீழ்பென்னாத்தூரில் அந்தப் பெயர் விழுகிறது.

காட்சி இதுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய நாயகன் தமிழ்ப் பண்பாடு மாறாத பெண்ணைத் தேடுகிறான். பக்கத்து வீட்டுக்காரராக வரும் சாலமன் பாப்பையா தன் மகள்கள் அங்கவையையும் சங்கவையையும் முன்னால் நிறுத்திப் பழகிப் பார்க்கச் சொல்கிறார். முகத்தில் மையை அப்பியது போன்ற ஒப்பனை. நாயகன் மிரள்கிறான், நாம் சிரிக்க வேண்டும். கடைசியில் அவன் கண்டடையும் தமிழ்ச்செல்வியாக வருபவர் ஷ்ரேயா.

இதை வெறும் நிறக் கேலி என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பெண்கள் அவனை விரும்புகிறார்கள், அதுதான் நகைச்சுவையின் அச்சு. கருப்பான பெண் ஆசைப்பட்டால் அதுவே சிரிப்பு. இதே படத்தில் நாயகனின் கருப்பும் கேலிக்கு வருகிறது. ஆனால் அவனுக்கு வெள்ளையாகும் முயற்சிகள் உண்டு, கணினி வரைகலையில் வெளுத்த மேனியோடு முழுப் பாட்டே உண்டு. கூடவே நம் பரிவும் உண்டு. அவர்களுக்கு ஒப்பனை மட்டும்தான்.

முகத்தில் கருப்புப் பூசிய காட்சிகளுக்காக 2020இல் பிபிசி 'லிட்டில் பிரிட்டன்' தொடரைத் தன் இணையத் தளத்திலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் '30 ராக்' தொடரின் சில பகுதிகளை நீக்கச் சொன்னவர் அதை உருவாக்கிய டீனா ஃபேதான். நீக்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, மறைத்தால் மறந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் உருவாக்கியவர்களே திரும்பிப் பார்த்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இங்கே அறியாமல் செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல வழியில்லை. வசனம் எழுதிய சுஜாதா புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதியவர். பாப்பையா தமிழ்ப் பேராசிரியர். பாரி இறந்தபின் அவன் மகள்களைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப் போய் மணந்துகொள்ளக் கேட்டதும், அவர்கள் மறுத்ததும் இருவருக்கும் தெரியாத கதையல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அவமானம் ஒன்றைத்தான் எடுத்துச் சிரிப்பாக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கதையின் முடிவு எங்கள் ஊருக்குத் தெற்கே, வேட்டவலம் தாண்டித் திருக்கோவிலூரில் இருக்கிறது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே வீரட்டானக் கோயிலில் உள்ளது. ஆற்றின் நடுவே கபிலர் குன்று.

புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. தகப்பனும் மலையும் போன துயரத்தை அவர்களே சொல்கிறார்கள், அவர்கள் சார்பில் யாரும் பேசவில்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கு, பாட்டில் இல்லை. வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொன்னதும் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்புகிறது, முன் பெஞ்சில் ஒருத்தி தலையைக் குனிந்துகொள்கிறாள். அதனால் இப்போதெல்லாம் பெயர் சொல்லாமல் பாட்டைத்தான் முதலில் வாசிக்கிறேன்.