பிரித்து எழுதலாம், பிரித்து ஓட்டலாமா?

யாழ்ப்பாணக் கரைக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் இந்திய நன்கொடையில் கலப்பு மின் நிலையங்கள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மொத்தக் கணக்கு 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்-மணி மின்கலச் சேமிப்பு, தேவைப்படும்போது ஓட 2,500 கிலோவாற் டீசல். இப்படியொரு நிலையத்தின் அளவீடுகளைத் திரட்டி, ஒரே வடிவத்துக்கு மாற்றி, கரைக்கு அனுப்பும் மென்பொருளை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். காற்றாலைக்கு ஒரு மொடியூல், மின்கலத்துக்கு ஒன்று, டீசல் இயந்திரத்துக்கு ஒன்று என்று பிரித்து எழுதுவதை யாரும் மறுக்கப்போவதில்லை. கேள்வி அடுத்த படியில்தான் வருகிறது. பிரித்து எழுதியதைப் பிரித்தபடியே ஓட்டவும், ஓடும்போதே ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டவும் வேண்டுமா?

வேண்டும் என்று அடித்துச் சொன்னது, ஜாவா மொடியூல்களுக்கு விதிகள் வகுத்த ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பு. 1999இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பின் முதல் இலக்கு பெரிய சேர்வர்கள் அல்ல. ஆள் நேரில் போகாமலே புதுப்பிக்க வேண்டிய வாசல் கணினிகள். ‘பண்டில்’ எனப்படும் ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கேஜைத் தருகிறது, எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று தன் மனிஃபெஸ்ட்டில் எழுதிவைக்கும். எழுதாதது வெளியே தெரியாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி ஒரு மணி நேரமளவு போனால்தான் நெடுந்தீவு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே இந்தக் கொள்கையை எடைபோட இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த அனுபவம் இலங்கையிலேயே உண்டு. சஞ்சீவ வீரவரணவும் போல் ஃபிரிமான்டிலும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், செய்திகளைக் கடத்தும் திறந்த மென்பொருளான அப்பாச்சி சினாப்ஸை அடித்தளமாக வைத்துத் தன் இணைப்பு சேர்வரைக் கட்டியது. 2009இல் கார்பன் என்ற பெயரில் தன் தயாரிப்புகள் எல்லாவற்றையும் ஓஎஸ்ஜிஐ மீது மாற்றி அமைத்தது. ஒரே கருவின் மேல் வேண்டிய பண்டில்களைப் பொறுக்கிச் சேர்த்தால் வேண்டிய சேர்வர் கிடைக்கும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஈபே நிறுவனம் ஒரு நாளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை அந்த இணைப்பு சேர்வர் வழியே கடத்தியது.

ஆனால் அதே நிறுவனம் பின்னர் மைக்ரோ இன்டிகிரேட்டர் என்று கருவை மெலியவைத்து, ஒரு கன்டெய்னருக்குள் அடங்கி விரைந்து எழும் வடிவத்துக்கு வந்தது. உள்ளே பண்டில்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஓட்டத்தில் மாற்றுவது இனி அதன் பெருமை அல்ல. மற்றவர்களும் இதே திசையில்தான் போனார்கள். ஸ்பிரிங்சோர்ஸ் நிறுவனம் தன் ஓஎஸ்ஜிஐ சேர்வரை 2010இல் எக்லிப்ஸிடம் ஒப்படைத்தது. அப்பாச்சி கேமல் என்ற இணைப்பு நூலகத்தின் 2023இல் வந்த 4ஆம் பதிப்பு, ஓஎஸ்ஜிஐ ஆதரவைத் தன் மையத்திலிருந்து விலக்கியது. 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மொடியூல் முறையும் எல்லைகளைக் காப்பதைத்தான் எடுத்துக்கொண்டது. ஓட்டத்தில் மாற்றுவதை இலக்காக வைக்கவில்லை.

இத்தனை பேர் விட்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒன்று பிழையாகிவிடாது. எழுதுதல், சோதித்தல், நிறுவுதல் என்ற மூன்று தட்டிலும் பிரித்து எழுதுவதையும் பிரித்து ஓட்டுவதையும் வைத்துப் பார்ப்போம்.

எழுதும் கட்டத்தில் மொடியூல் எல்லைக்குத் தெளிவான வெற்றி. மின்கலத்தின் மொழி தெரிந்த நிரல் மின்கல மொடியூலுக்குள் மட்டும் இருந்தால், நாளை வேறு கம்பனியின் மின்கலம் வந்தாலும் கரைக்குப் போகும் செய்தியின் வடிவம் மாறாது. ‘உள்ளே கை வைக்காதே’ என்று குழுவுக்குள் பேசிக்கொள்வது இதற்குப் போதாது. அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் யாரோ ஒருவர் கை வைப்பார். கொம்பைலரே மறுக்க வேண்டும். இதற்கு ஓஎஸ்ஜிஐ கட்டாயமில்லை. மேவனில் தனித்தனி மொடியூல்களும் ஜாவா 9இன் எல்லைகளும் போதும். இணைப்பு மென்பொருளில் பலர் செய்யும் தவறு, எல்லோருக்கும் பொதுவான ‘கொமன்’ மொடியூல் ஒன்றை வைத்து, பொருந்தாத எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடுவது. ஆறு மாதத்தில் எல்லாமே அதைச் சார்ந்து நிற்கும். பிறகு பிரித்ததும் பிரிக்காததும் ஒன்றுதான்.

சோதிக்கும் கட்டத்தில்தான் சிக்கல் முகம் காட்டுகிறது. மொட்பஸ் என்ற தொழிற்கருவித் தொடர்பு முறையில் பேசும் கருவி ஒன்று 32 பிட் எண்ணை இரண்டு 16 பிட் பதிவேடுகளாகத் தரும். எது முதலில் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். மின்கலம் 2,400 என்று சொல்கிறது. முன்பின் மாற்றி வாசித்தால் திரையில் 157,286,400 வரும். நிரலை எழுதியவரே பொய்க் கருவியையும் எழுதினால், அவர் நினைத்த வரிசையில்தான் அதுவும் பதில் சொல்லும். சோதனை முழுக்கப் பச்சையாகத் தெரியும், பிழை தீவில் காத்திருக்கும். கேமலின் ‘மொக்’ போன்ற வசதிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழித்தடம் சரியா என்று பார்க்க அவை நல்லவை. கருவியின் மொழியைப் பார்க்க அவை உதவா. உண்மையான கருவியிலிருந்து பதிந்தெடுத்த பைட்டுகளைச் சோதனையோடு சேர்த்து வைப்பதே அதற்கு வழி.

இரண்டாவது சிக்கல் ஓஎஸ்ஜிஐக்கே உரியது. சாதாரண ஜேயூனிட் சோதனையில் எல்லா கிளாஸ்களும் ஒரே தட்டில் கிடக்கும். பண்டில் எல்லை அங்கே இல்லை. ஆகவே சோதனையில் ஓடிய நிரல், பண்டில்களை ஓட்டும் ஓஎஸ்ஜிஐ கன்டெய்னருக்குள் போனதும் கிளாஸைக் காணோம் என்று விழும். இதைப் பிடிக்க பக்ஸ் எக்ஸாம் போன்ற கருவியால் உண்மையான கன்டெய்னரையே எழுப்ப வேண்டும். அது மெதுவானது, அமைப்பு வேலையும் அதிகம். அதனால்தான் பல குழுக்கள் அதைக் கைவிடுகின்றன. பண்டில் எல்லையைப் போட்டுவிட்டு அதைச் சோதிக்காமல் விடுவதைவிட, பண்டில் எல்லையே போடாமல் இருப்பது மேல்.

நிறுவும் கட்டத்தில் தட்டு முழுவதும் ஓட்டத்தில் மாற்றுவதற்கு எதிராகச் சாய்கிறது. பத்து பண்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பழையது, புதியது என இரண்டு பதிப்புகள் என்று வையுங்கள்: 1,024 சேர்க்கைகள். ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டியதை வேண்டியபோது மாற்றினால், மூன்று தீவுகளில் மூன்று வெவ்வேறு சேர்க்கைகள் ஓடும். சோதனைக்கூடத்தில் இருந்தது அவற்றில் ஒன்றாகக்கூட இராது. ‘நிறுத்தாமல் மாற்றலாம்’ என்பதும் சொல்லுமளவுக்கு உண்மையல்ல. ஒரு பண்டிலைப் புதுப்பித்து இணைப்புகளைத் திருத்தும்போது, அதைச் சார்ந்த பண்டில்களும் நின்று எழும். நினைவகத்தில் இருந்ததும் போய்விடும்.

அது சிறிய இழப்பல்ல. கரைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, ஒப்புதல் திரும்புவதற்குள் தொடர்பு அறுந்தால், அதே செய்தி மறுபடி போகும். இரட்டிப்பைத் தடுக்கக் கேமலில் வசதி உண்டு. ஆனால் பார்த்த செய்திகளின் பட்டியலை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், எழுந்தபின் அதற்கு எதுவும் தெரியாது. ஒரே மணி நேர மின்சாரம் இருமுறை கணக்கில் ஏறும். பட்டியலும் அனுப்பாத செய்திகளும் வட்டில் இருக்க வேண்டும். அப்படி வட்டில் இருந்துவிட்டால், முழு நிரலையும் நிறுத்தி எழுப்புவதில் என்ன நட்டம்? சில நொடிகள்தான். அந்தச் சில நொடியில் தீவு இருளும் என்றால், மின் கட்டுப்பாட்டை உரிய கட்டுப்பாட்டுக் கருவியிடம் விடாமல் செய்தி கடத்தும் மென்பொருளிடம் கொடுத்திருக்கிறோம் என்று பொருள். திருத்த வேண்டியது அந்த அமைப்பைத்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய தொடர்பில் சில பத்து கிலோபைட் பண்டிலை அனுப்புவது எளிது. முழு நிரலும் அடங்கிய பல நூறு மெகாபைட் கன்டெய்னர் இமேஜை அனுப்புவது கடினம். உண்மை. ஆனால் எதை அனுப்புகிறோம் என்பதும் எதை இயக்கத்தில் விடுகிறோம் என்பதும் இரு வேறு முடிவுகள். மாறிய துண்டை மட்டும் அனுப்பலாம். தீவில் அதை முழுத் தொகுப்பாகச் சேர்த்து, கரையில் சோதித்த தொகுப்போடு ஒப்பிட்டு, பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதியதை எழுப்பலாம். நலச் சோதனையில் தவறினால் தானே பழையதற்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி இல்லாத புதுப்பிப்பு, அடுத்த படகுக்குக் காத்திருக்க வைக்கும் புதுப்பிப்பு.

ஓரிடத்தில் ஓஎஸ்ஜிஐக்கு இன்னும் உரிமை உண்டு. பல கம்பனிகளின் டிரைவர்கள் ஒரே நூலகத்தின் ஒத்துவராத பதிப்புகளைக் கேட்கின்றன, கணினியின் நினைவகமோ சிறியது, எல்லாம் ஒரே ஜாவா இயக்கத்துக்குள் வாழ வேண்டும் என்ற நிலையில் பண்டில் முறைக்கு நிகரானது குறைவு. எக்லிப்ஸ் குரா போன்ற வாசல் கணினி மென்பொருள்கள் அதன்மேல் நிற்பது சும்மா அல்ல. அங்கேயும் பயன்படுவது பிரிக்கும் குணம். ஓட்டத்தில் மாற்றும் குணம் அல்ல.

ஆக, தீர்ப்பு இது. மொடியூல் எல்லை எழுதுவோருக்கும் சோதிப்போருக்கும் உரிய ஒழுக்கம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. நிறுவும்போது ஒன்றாகச் சோதித்ததை ஒன்றாகவே, ஒரே எண்ணின் கீழ் இயக்கத்தில் விட வேண்டும். சோதனைப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது தொடர்பை நடுவில் அறுத்துப் பார்ப்பது. தீவகத்தில் அது விதிவிலக்கல்ல, வழக்கமான நாள். ஓட்டத்தில் துண்டு மாற்றும் வித்தையை வாங்கச் சொல்லி வருபவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: இன்று நெடுந்தீவில் ஓடுகிற சேர்க்கை எந்த நாளில், எந்தச் சோதனையில் தேறியது? பதில் உடனே வராவிட்டால் வாங்க வேண்டியதில்லை.