செம்பட்டையும் நீலமும்

கறுப்பு முடிக்குள் ஆரஞ்சு ஒளிந்திருக்கிறது. ப்ளீச்சைக் குழைத்துப் பூசினால் அது வெளியே வந்துவிடும். முதலில் செங்கறுப்பு, பிறகு செம்பு, பிறகு ஆரஞ்சு, இன்னும் வைத்தால் மஞ்சள். முடியின் நிறமிகளில் கறுப்பும் பழுப்பும் தரும் யூமெலனின் முதலில் சிதைகிறது. சிவப்பும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின் எளிதில் அசையாது. அதனால்தான் சென்னை அண்ணாநகரிலோ கொழும்பு வெள்ளவத்தையிலோ 'ஆஷ் பிரவுன்' கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடியில் செம்பட்டையைப் பார்க்கிறார்.

செம்பட்டையை நம்மவர்கள் வெறுப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. எண்ணெய் காணாத தலை, வெயிலில் அலைந்த பிள்ளை, புரதம் போதாத உடம்பு என்று அந்த நிறம் வீட்டின் நிலையை ஊருக்குச் சொல்லிவிடும் என்ற கூச்சம் இரு கரையிலும் உண்டு. பணம் கொடுத்துப் போட்ட நிறம் கடைசியில் அதே செம்பட்டையில் வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இதை அடக்கும் விதி எளிது. ஆரஞ்சை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும், சிவப்பைப் பச்சை அடக்கும். விதியில் இந்தியா, இலங்கை என்ற பேதம் இல்லை. அந்த நீலம் எந்த வழியாகத் தலைக்கு வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இந்தியாவில் நீலம் இலையாக வந்தது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் மருதாணிக்குப் பேர்போன ஊர். 2021இல் அந்த மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மருதாணியிலுள்ள லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டினில் ஒட்டிக்கொள்கிறது. நரையில் அது அப்பட்டமான ஆரஞ்சு. நரையை மறைக்கப் போய் ஆரஞ்சை வாங்கி வருவதால், அதை அணைக்கவும் வீட்டிலேயே வழி தேடினார்கள். இரும்புச் சட்டியில் மருதாணித்தூளைத் தேயிலை டிகாக்ஷனில் குழைத்து, நெல்லிப்பொடி சேர்த்து, இரவு முழுக்க ஊறவைக்கும் வழக்கம் வெறும் பாட்டி வைத்தியமல்ல. தேயிலையிலும் நெல்லியிலும் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருக்கும். பழைய எழுதுமை செய்த முறையும் அதுதான். ஆரஞ்சு அதனால் ஒழிவதில்லை, ஒரு படி இறங்கும். (சிலர் சேர்க்கிற பீட்ரூட் சாற்றால் ஒரு பயனும் இல்லை. அது அடுத்த குளியலில் போய்விடும்.)

மீதி வேலை அவுரியுடையது. திண்டிவனம் வட்டாரத்தில் விளையும் அதே நீலச்செடி. காய்ந்த இலைத்தூளில் நீலம் இன்னும் நீலமாக இருப்பதில்லை, இண்டிகன் என்ற நிறமற்ற பொருளாக இருக்கிறது. வெதுவெதுப்பான நீர் பட்டதும் இலையின் நொதி அதை உடைக்க, காற்று பட்டு நீலமாகிறது. இந்த மாற்றம் முடிக்குள் நடக்க வேண்டும், கிண்ணத்தில் அல்ல. ஆகவே மருதாணிக்கு உள்ள பொறுமை அவுரிக்குக் கூடாது. கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். எலுமிச்சை ஆகாது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. முதலில் மருதாணி, அலசிய பின் அவுரி என்றால் கறுப்பு. இரண்டையும் கலந்து போட்டால் பழுப்பு. மருதாணி இல்லாமல் நரையில் அவுரி மட்டும் போட்டவர்கள் பச்சையும் நீலமுமான தலையோடு நிற்பார்கள். ஆரஞ்சு அங்கே எதிரி மட்டுமல்ல, நீலத்துக்குத் தேவையான மறுபாதியும் கூட. அடுத்த இரண்டு நாளில் நிறம் இன்னும் கருத்து ஆழமாகும். ஆனால் அவுரி மருதாணியை விடச் சீக்கிரம் வெளிறுவதால், மாதம் ஒன்று போனால் காதோரத்தில் மறுபடி செம்மை எட்டிப் பார்க்கும்.

அதே செடி இலங்கையிலும் உண்டு. சிங்களத்தில் நில் அவரிய. ஆனால் அங்கே அது பெரும்பாலும் எண்ணெய்க்குள் போகிறது. கரிசலாங்கண்ணியோடு தேங்காயெண்ணெயில் காய்ச்சிய தைலங்கள் ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கின்றன; நரையைத் தள்ளிப்போடும் என்று நம்பித் தேய்க்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீலிபிருங்காதி என்ற பெயரில் இதன் உறவுக்காரத் தைலம் இருக்கிறது. தலைக்குக் குளிர்ச்சி என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. செம்பட்டையை அடக்கும் என்று விற்றால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீலச்சாயம் எண்ணெயில் கரையாது, கொதிக்கும் எண்ணெயில் நொதியும் பிழைக்காது. நிறம் பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். தைலம் தேய்த்த தலை கறுப்பாகத் தெரிவது எண்ணெய்ப் பளபளப்பால். ஷாம்பு போட்டால் தெரிந்துவிடும்.

மருதாணித்தூள் இலங்கைக் கடைகளில் இல்லாமல் இல்லை. இந்தியப் பாக்கெட்டுகளே தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் அங்கே மருதாணி தலையை விடக் கைகளுக்கே நெருக்கம். முடிநிறம் என்றால் நேராகக் குழாய்ச்சாயமும் ப்ளீச்சும்தான். ஹிக்கடுவையிலும் அறுகம்பேயிலும் அலைச்சறுக்கு ஆடும் இளைஞர்களின் தலையை உப்பும் வெயிலுமே பாதி வெளுத்துவிடுகின்றன. மீதியை ப்ளீச் செய்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலையேறும் மீனவப் பையன்களின் தலையும் அப்படியே. கடலோரத்தில் இந்த ஆரஞ்சை யாரும் அணைக்க நினைப்பதில்லை, அதுவே பெருமை. திருவல்லிக்கேணியிலும் காத்தான்குடியிலும் மருதாணி பூசிய தாடியோடு நடக்கும் பெரியவர்களுக்கும் ஆரஞ்சு வேண்டிய நிறம்தான். மருதாணியோடு கதம் என்ற கருநிறச் செடியைச் சேர்ப்பதையும் ஹதீஸ்கள் சொல்கின்றன. இலையால் இலையின் சூட்டைத் தணிக்கும் யோசனை அத்தனை பழையது.

சலூனுக்குள் போனால் வேறுபாடு வேறுவிதமாகத் தெரிகிறது. சென்னை ஸ்டைலிஸ்ட் முதலில் கேட்கும் கேள்வி, "மேடம், இதுக்கு முன்னாடி மெஹந்தி போட்டிருக்கீங்களா?" என்பது. காரணம் உண்டு. மருதாணி போட்ட தலையில் இரண்டு ஆரஞ்சுகள் இருக்கின்றன: மேலே ஒட்டிய லாசோன் ஒன்று, ப்ளீச் திறந்துவிடும் உள்ளாரஞ்சு மற்றொன்று. ப்ளீச் இரண்டாவதை நகர்த்தும், முதலாவது அப்படியே கிடக்கும். அவுரியும் ஏறிய முடியை ப்ளீச் செய்தால் பச்சை தலைகாட்டும். 'கறுப்பு மருதாணி' என்று விற்ற பாக்கெட்டில் உலோக உப்பு இருந்திருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடேறிப் பொசுங்கவும் கூடும். நல்ல ஸ்டைலிஸ்ட் ஒரு கற்றையை வெட்டிச் சோதித்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுப்பார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இந்தச் சிக்கல் குறைவு. எதிரே இருப்பது பெரும்பாலும் உள்ளாரஞ்சு மட்டும்.

அங்கே சிக்கல் எண்களில் வருகிறது. குழாயில் 6.1 என்று இருந்தால் புள்ளிக்கு முன்னுள்ள எண் ஆழம், பின்னுள்ளது சாயல். .1 என்றால் ஆஷ், அதாவது நீலம் சார்ந்த சாம்பல் சாயல். ஆனால் .2 என்பது லோரியலில் ஊதா சார்ந்தது, வெல்லாவில் பச்சை சார்ந்தது. ஒரே நிறுவனத்தின் அட்டவணையில் பழகிய கை வேறொரு குழாயை எடுத்தால் ஆரஞ்சுக்குப் பதில் சேற்று நிறம் வரலாம். பெரும்பாலும் இறக்குமதியை நம்பும் தீவில் குழாய் மாறுவது அடிக்கடி நடக்கக்கூடியது. 2022 ஆகஸ்டில் ஷாம்பு, வாசனைத் திரவியம் உள்ளிட்ட 300 பொருள்களின் இறக்குமதியை இலங்கை அரசு நிறுத்தியது நினைவிருக்கலாம். இந்தியாவில் உள்ளூர்த் தயாரிப்பும் சங்கிலி சலூன்களும் இருப்பதால் சூத்திரம் கையேடாக அச்சிட்டு வருகிறது. வசதிதான். ஆனால் கையேட்டுப்படி மஞ்சள்வரை வெளுத்த முடியில் ஆஷைப் பூசி, நீலமும் மஞ்சளும் கூடிப் பச்சையாகி நிற்பதைச் சென்னையிலும் பார்க்கலாம். எந்த நிலைக்கு வெளுத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் எதிர்நிறத்தைத் தேர வேண்டும். ஆரஞ்சில் நின்றால் நீலம், மஞ்சளுக்குப் போய்விட்டால் ஊதா.

பிறகு தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, கிணற்று நீர்தான், அதுவும் கடினநீர். கொழும்பில் குழாய்வழி வரும் களனி ஆற்று நீர் மென்மையானது. சென்னையின் ஆழ்துளைக் கிணறுகள் யாழ்ப்பாணத்துக்குச் சொந்தம். சிறுவாணி நீர் குடிக்கும் கோயம்புத்தூர் கொழும்புக்குச் சொந்தம். கடினநீரின் கால்சியமும் சில கிணறுகளின் இரும்பும் முடியில் படிந்து, ஆரஞ்சைத் தணிக்கப் போட்ட டோனரை மங்கச் செய்து செம்மையைக் கூட்டும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாணங்களுக்கும் டொரண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்கள் இதை நேரில் அனுபவிப்பார்கள். அங்கே போட்ட சாம்பல் பழுப்பு இங்கே கிணற்றடியில் சில குளியலிலேயே கரைந்துபோகும். "அக்கா, வீட்டுக்குள்ள நல்லாத்தான் கிடக்கு, வெயிலுக்க நிண்டாத்தான் செம்பட்டை தெரியுது" என்று பார்லர்க்காரி சொல்வது பொய்யல்ல. மேலே மறுபடி ஆஷ் அடிப்பதைவிட, படிந்த உப்பை நீக்கும் ஷாம்பு போட்டு அலசிவிட்டு டோனரைப் புதுப்பிப்பது நல்லது.

அவசரத்துக்கு இரு கரையிலும் செய்வது ஒன்றுதான்: கறுப்பு டை வாங்கி அடித்து மூடுவது. பள்ளி திறக்கும் வாரத்தில் விடுமுறையில் கலர் அடித்த பையன்கள் செய்வதும் அதுவே. இந்த டைகள் பலவற்றில் உள்ள பாராஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி, சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். தோலில் முதலில் சோதிக்கும்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்த எழுத்தை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. முகம் வீங்கிய பிறகு அட்டைப்பெட்டியைத் தேடுகிறார்கள்.

மூடுவதற்கும் தணிப்பதற்கும் நடுவில் ஒரு மலிவான வழி இருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை நிற ஷாம்பு. சென்னைக் கடைகளிலும் சரி, கொழும்புக் கடைகளிலும் சரி, முன்வரிசையில் நிற்பது ஊதா ஷாம்பு. அது பொன்முடிக்காரர்களின் மஞ்சளை அணைக்கப் பிறந்தது. நம் ஊரில் அதற்குப் பொருத்தமான தலைகள் இரண்டே: மஞ்சள்வரை வெளுத்தவர்கள், மற்றும் வெள்ளை நரை நீரின் உப்பால் பழுத்துப்போனவர்கள். கறுப்பிலிருந்து பழுப்புக்கு இறங்கி ஆரஞ்சில் மாட்டிக்கொண்ட மற்றவர்கள் அதை மாதக்கணக்கில் தேய்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நீல ஷாம்பு. அது கீழ்த்தட்டில் இருக்கிறது, பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.