சுத்தம் செய்யப்பட்ட ஒரு வசனம்

கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974) ஒட்டுக்கேட்பதைப் பற்றிய படம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன. போன வாரம் மறுபடி பார்த்தபோது, ஒலிப்பதிவைச் சுத்தம் செய்கிற ஒருவனின் கதையாகத்தான் பட்டது. (முடிவைச் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.)

சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் ஸ்கொயர். கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும் ஒரு ஜோடியின் பேச்சை ஹாரி (ஜீன் ஹேக்மன்) பல மைக் வைத்துப் பதிவு செய்கிறான். ஒரு டேப்பில் சத்தம் மூடிய இடத்தை இன்னொரு டேப்பிலிருந்து எடுத்து நிரப்புகிறான். மேளச் சத்தத்துக்கு அடியில் கிடந்த ஒரு வாக்கியத்தை ஃபில்டர் போட்டு வெளியே கொண்டுவருகிறான். தமிழில் சொன்னால், "சான்ஸ் கிடைச்சா நம்மளக் கொன்னே போடுவான்." அந்த ஜோடிக்கு ஆபத்து என்று பதறுகிறான். கடைசியில் கொலை செய்வது அவர்கள்தான். இப்போது அதே வாக்கியம் வேறு மாதிரி கேட்கிறது: "சான்ஸ் கிடைச்சா அவன் மட்டும் நம்மள விட்டுடுவானா?" ஆங்கிலத்தில் சொற்கள் மாறவில்லை, அழுத்தம் ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

படப்பிடிப்பில் எடுத்த ஒலி சரியாக இல்லாததால், வால்டர் மர்ச் அந்த இரண்டு நடிகர்களையும் ஓர் அமைதியான பூங்காவுக்குக் கூட்டிப்போய் மறுபடி பேசவைத்தார். ஒரு தடவை ஃபிரெடெரிக் ஃபாரஸ்ட் அழுத்தத்தை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். தவறு என்று ஒதுக்கிவைத்த அந்தப் பதிவைத்தான் மர்ச் படத்தின் முடிவில் பயன்படுத்தினார்.

இது போங்கு ஆட்டம் என்று சொல்லலாம். ஹாரியிடம் இருப்பது ஒரே டேப். நமக்குக் காட்டுவதோ இரண்டு வேறு பதிவுகள். முதல் தடவை எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

காரணம், ஆய்வுக்காக நான் எடுத்த ஒரு நேர்காணல். பின்னால் ஃபேன் சத்தம். ஆடாசிட்டியில், யாரும் பேசாத இரண்டு விநாடியைக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று சொன்னால், அதே அலைவரிசைகளை முழுப் பதிவிலும் குறைத்துக் கொடுக்கும். பேராசையில் ரொம்பவே குறைத்துவிட்டேன். ஃபேன் போனது. கூடவே 'ஸ' ஒலியின் காற்றும், பெரியவர் பதில் சொல்லுமுன் இழுத்த மூச்சும் போயின. தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றை, அவர் அடித்துச் சொன்னதாக எழுதிவைத்தேன். மூலப் பதிவை அழிக்காமல் இருந்ததால் பிழைத்தேன்.

ஹாரியும் இதைத்தான் செய்கிறான். சொற்களைத் தெளிவாக்கிவிட்டு, அர்த்தமும் தெளிந்துவிட்டதாக நம்புகிறான். மர்ச் செய்தது போங்காகவே இருக்கட்டும். ஹாரியின் காதுக்குள் நடந்ததை வேறு எப்படி நமக்குக் கேட்கவைத்திருக்க முடியும்?